ஜப்பான் துப்பாக்கிக்கு சைமா செய்த தோட்டா

சைமா ஓயாலா அந்த ஊர் ஆண்களின் துப்பாக்கிகளில் பாதியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொன்றின் குணமும் அவளுக்கு அத்துப்படி. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைக் காப்பித்தூள் டப்பாவில் போட்டு அவள் வீட்டுப் பின்படியில் வைத்துவிட்டுப் போவார்கள். காலையில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிவிட்டு வந்ததும் அவள் கீழறைக்கு இறங்கிக் கூடுகளைத் துடைப்பாள், அச்சில் கொடுத்து அளவுக்குக் கொண்டுவருவாள், அடியில் தீப்பொறி தரும் புதுப் பொட்டு பதித்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை அழுத்துவாள். பழைய கூடு புதுத் தோட்டாவாகிவிடும். ஹெய்கியின் துப்பாக்கி கூட்டின் வயிற்றை ஒரு பக்கமாக வீங்க வைக்கும். சூலோ நீமியுடைய துப்பாக்கியின் ஊசி ஒருநாளும் நடுவில் குத்தாது, இடப்பக்கம் தள்ளியே குத்தும்.

"ஆளு எப்படியோ அப்படித்தானே துப்பாக்கியும்" என்று அவள் ஒருமுறை சொன்னதைச் சூலோ ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். சைமா அதிகம் பேசமாட்டாள். அதனால் அவள் சொன்ன ஒரு வேடிக்கைப் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு.

மிச்சிகனின் வட கோடியில், ஏரியைப் பார்த்த அந்தச் சிற்றூரில் செம்புச் சுரங்கம் மூடிப் பல வருடங்களாகிவிட்டன. தங்கிவிட்டவர்களில் பெரும்பாலும் ஃபின்லாந்து வழி வந்தவர்கள். சைமாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. கல்யாணம் ஒன்று நடந்தது, நிலைக்கவில்லை. நுரையீரல் கெட்டுப்போன அப்பா ஐமோவோடு அதே வீட்டில் இருந்து, அவர் இருமலைக் கேட்டபடியே தோட்டாக்கள் செய்து வந்தாள். நவம்பர் வந்தால் அவள் செய்த தோட்டாக்கள் எல்லாம் காட்டுக்குள் இருக்கும் மான் முகாமுக்குப் போகும். அவள் போகமாட்டாள். சீசனுக்கு முந்தைய சனிக்கிழமை பெண்கள் போய் எலிப்புழுக்கை கூட்டி, மெத்தைகளை உதறி, கறியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுட்ட பாஸ்டிகளை அடுக்கி வைத்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். அது யாரும் போடாத சட்டம். எல்லாரும் மதித்தார்கள்.

இன்னொரு சட்டமும் இருந்தது. முகாம்காரர் ஒருவர் இறந்துபோனால், அடுத்த சீசன் தொடங்குவதற்கு முந்தின பிற்பகலில் அவருடைய ரத்த உறவு ஒருவர் அவர் துப்பாக்கியால் மணல் மேட்டை நோக்கி ஒரு குண்டு சுட வேண்டும். சுட்டவருக்கு அவர் உட்கார்ந்து காத்திருந்த இடம் சொந்தம். சுட ஆளோ துப்பாக்கியோ இல்லையென்றால் இடம் சீட்டுக் குலுக்கலுக்குப் போய்விடும். ஐமோவின் இடம் சீடார் சதுப்பின் ஓரத்தில், காற்று படாத ஒரு பாறை மடிப்பு. மான்கள் அதைச் சுற்றித்தான் இறங்கும். சிறுமியாக இருந்தபோது கோடையில் அப்பாவோடு அங்கே போய், அவர் முதுகில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். நவம்பரில் அந்த இடம் எப்படி இருக்கும் என்று அவள் நினைக்காத வருடமில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

ஆகஸ்டில் ஐமோ இறந்தார். அவர் பல வருடம் வேட்டைக்குக் கொண்டுபோன துப்பாக்கியை, மூச்சு முட்டத் தொடங்கியபோதே விற்றுவிட்டிருந்தார். வீட்டில் மிச்சம் இருந்தது கதவுக்கு மேலே மாட்டியிருந்த ஒன்றுதான். பிலிப்பைன்ஸ் போரிலிருந்து அவர் தூக்கி வந்த ஜப்பான் ராணுவத் துப்பாக்கி. ஆஸ்பத்திரியில் கடைசியாக அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்.

"ஜப்பான்காரன் ரூடிக்கு."

ரூடி அவளுடைய தம்பி. தெற்கே கார்த் தொழிற்சாலையில் வேலை. நவம்பர் தொடக்கத்தில் விடுமுறை போட்டுவிட்டு வந்தான். வந்த அன்றே கதவு மேலிருந்து துப்பாக்கியை இறக்கி, கீழறைக்குக் கொண்டுவந்து சைமாவின் மேசைமேல் வைத்தான். கூடவே ஒரு தோட்டாப் பெட்டி.

"ஏழு புள்ளி ஏழு மில்லிமீட்டர். அசல் ஜப்பான் அளவு. இதுக்காக எத்தனை கடை ஏறி இறங்கினேன்னு கேளு."

"எத்தனை?"

"கேட்காத. வயித்தெரிச்சல். இப்போ நீ பார்த்துட்டுச் சரின்னு சொல்லு. உன் வாயால வந்தாத்தான் முகாம்ல பெரியவரு சூலோ சுட விடுவாரு."

சைமா கையைத் துடைத்துக்கொண்டு பார்க்க உட்கார்ந்தாள். மேற்பகுதியில் இருந்த ஜப்பான் பேரரசரின் சாமந்திப்பூ முத்திரை அரம் போட்டு அழிக்கப்பட்டிருந்தது. சரணடைந்த படையின் துப்பாக்கிகளில் வழக்கமாக இருப்பதுதான். தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்து மூடும் போல்ட்டின் எண்ணும் துப்பாக்கி உடம்பின் எண்ணும் ஒன்றே. போர் முடியும் தறுவாயில் அவசர அவசரமாகச் செய்தவற்றில் அரத்தடம் அப்படியே இருக்கும், மரம் கரடுமுரடாக இருக்கும். ஊரார் அவற்றைக் கண்டால்தான் பயப்படுவார்கள். இது அப்படியில்லை, முன்னாலேயே நிதானமாகச் செய்தது. பயிற்சிக்கென்று வார்த்த போலித் துப்பாக்கியா என்று பார்க்கக் குழலுக்குள் விளக்கடித்தாள். அவற்றில் உள்ளே சுழல் வரிகள் இருக்காது. இதில் வரிகள் திருகாணி போல் பளிச்சென்று ஓடின.

"அப்புறம் என்ன? சரிதானே?" என்றான் ரூடி.

தோட்டாக்களை அடுக்கும் மேகசினுக்குள் அவள் விரலை விட்டாள். முன்சுவரில் அவள் நகம் இடறியது. அங்கே யாரோ உலோகத்தை அராவியிருந்தார்கள். ஜப்பான் தொழிற்சாலையில் செய்த வேலையில்லை. குறுக்கும் நெடுக்குமாகக் கைவேலை.

"எதுக்கு இங்க இடம் பண்ணியிருக்காங்க?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டாள்.

ரூடியின் பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்தாள். குண்டைப் பிடுங்கி, மருந்தைக் கொட்டி, அடியில் இருந்த பொட்டையும் கழற்றி, வெறும் கூட்டின் தலையில் குண்டை மறுபடி செருகினாள். இப்போது அது செத்த தோட்டா. போல்ட்டிலிருந்து ஊசியையும் கழற்றி வைத்தாள். பிறகு மெழுகுவத்தி ஏற்றி, சுடருக்கு மேலே அந்தத் தோட்டாவைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். பித்தளை முழுக்கக் கரி பிடித்துக் கறுத்தது. விரல் படாமல் துப்பாக்கிக்குள் வைத்து போல்ட்டை மூடித் திறந்து வெளியே எடுத்தாள். குழலின் பின்முனையில் உள்ள தன் அறையில் தோட்டா இறுக்கமாக உட்கார்ந்திருந்தால் கூட்டின் தோளிலும் கழுத்திலும் கரி அழிந்து பித்தளை தெரிய வேண்டும். தோளில் பூசிய கரி பூசியபடியே இருந்தது.

"ரூடி, இது உள்ள எங்கயும் முட்டல. யாரோ அறையை நீளமா வெட்டியிருக்காங்க. இந்தத் தோட்டா இதுக்கு ஆகாது."

"ஜப்பான் துப்பாக்கிக்கு ஜப்பான் தோட்டா ஆகாதா? யாரு சொன்னது?"

"கரி சொல்லுது."

"கரி சொல்லுதா, நீ சொல்றியா?" ரூடி சிரித்தான். ஆனால் முகத்தில் சிரிப்பில்லை. "போல்ட் வெண்ணெய் மாதிரி மூடிச்சு. ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"மூடுறது பெரிசில்ல. அறைக்குள்ள வெத்து இடம் இருந்தா கூடு இழுபட்டுக் கிழியும். வாயு பின்னாடி, உன் கண்ணுக்குத்தான் வரும்."

"நான் சுடலைன்னா அந்த இடம் கைவிட்டுப் போயிடும். எனக்குக் கிடைக்கக் கூடாது, அதானே? சின்ன வயசுல இருந்து அந்தப் பாறையில உனக்கு ஒரு கண்ணு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

சைமா மெழுகுவத்தியை ஊதி அணைத்தாள். அவன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான்.

மறுநாள் பேருந்து ஓட்டும்போது பின்னால் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அவள் காதில் ஏறவில்லை. கரி பொய் சொல்லாது. ஆனால் கரியைப் பார்க்கிற கண்? ஹெய்கியின் துப்பாக்கியாக இருந்திருந்தால் மேகசினுக்குள் விரல் விட்டுத் தேடியிருப்பாளா? அப்பாவின் இடம் ரூடிக்குப் போகக்கூடாது என்று உள்ளுக்குள் ஏதோ ஒன்று குறை தேடியதா? இல்லை என்று சொல்ல அவளால் முடியவில்லை. தப்பாகச் சொல்லித் தம்பியின் இடத்தைப் பறித்தாலும் பாவம், தம்பியின் மனம் நோகக்கூடாதென்று தலையாட்டி அவன் கண்ணைப் பறித்தாலும் பாவம். அவள் சொல்லைத் தவிர வேறு சாட்சி வேண்டும். எந்த வீட்டு வாசலில் நிறுத்தினாள், எங்கே கதவைத் திறந்தாள் என்பதெல்லாம் கை பழக்கத்தில் நடந்தது. கடைசிப் பிள்ளை இறங்கிய பிறகுதான் சாட்சி எங்கே இருக்கிறது என்று அவளுக்கு உறைத்தது.

சனிக்கிழமை முகாமைக் கூட்டிப் பெருக்கப் போனபோது ரூடியையும் வரச் சொன்னாள். வேண்டாவெறுப்பாக வந்தான். சூலோ நீமி அடுப்புப் புகைக்குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தார். எழுபது வயது, முகமெல்லாம் கரி.

முகாமின் நடு உத்தரத்தில் வரிசை வரிசையாகத் துளை போட்டிருக்கும். கொம்பு மான் ஒன்றை வீழ்த்தியவர், அதைச் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூட்டை வாய் உள்ளே போகும்படி தன் பெயருக்குக் கீழே உள்ள துளையில் தட்டிச் செருகிவிட வேண்டும். வெளியே அடிவட்டம் மட்டும் தெரியும். உத்தரமெல்லாம் ஆணித்தலை பதித்ததுபோல் பித்தளைப் புள்ளிகள். ஒருமுறை செருகியதை யாரும் பிடுங்கியதில்லை.

"சூலோ, அப்பா வரிசையில முதல் மூணையும் எடுத்துப் பார்க்கணும்."

"என்னது?" சூலோ ஏணியிலிருந்தே கத்தினார். "செத்தவன் வாயில பல்லுப் பிடுங்குற மாதிரி! உங்கப்பன் ராத்திரி வந்து என் கழுத்தைப் பிடிப்பான், பொண்ணே."

"உங்க கழுத்துக்கு ஒண்ணும் ஆகாது. ரூடி முகத்துக்கு ஆகும். அப்பா ஜப்பான் துப்பாக்கியில சுட்டது அந்த மூணுதானே?"

"அப்படித்தான் சொல்லுவான். அவன் அதை விட்டு வேற துப்பாக்கிக்கு மாறின வருஷம்தான் நான் இங்க சேர்ந்தேன். ஜப்பான்காரன் வெச்ச, குறி பார்க்குற முள்ளு தன் கண்ணுக்குச் சரியா வரலைன்னான்." சூலோ மூக்கைத் தேய்த்தார். கரி இன்னும் பரவியது. "சரி, எடு. எடுத்ததைத் திரும்ப வெச்சிடணும். நான் அந்தப் பக்கம் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொள்ளவில்லை. இறங்கி வந்து அவள் தோளுக்குப் பின்னாலேயே நின்றார்.

சைமா இடுக்கியால் முதல் கூட்டைப் பிடித்து மெல்லத் திருகி இழுத்தாள். வெளியே வந்துகொண்டே இருந்தது. மேசையில் அதை நிறுத்தி, ரூடியின் சட்டைப்பையில் இருந்த ஜப்பான் தோட்டாவை வாங்கிப் பக்கத்தில் நிறுத்தினாள். குண்டில்லாத வெறும் கூடே, ஜப்பான் தோட்டாவின் பித்தளையைவிடச் சுண்டுவிரல் நகமளவு உயரம். தோளும் மேலே ஏறி இருந்தது.

"இது நம்ம ராணுவத்துத் தோட்டா. முப்பது-ஆறுன்னு பேரு" என்றாள். "போர் முடிஞ்ச சமயம் ஜப்பான் தோட்டா எங்கயும் கிடைக்கல. நம்ம ராணுவத் தோட்டா மூட்டை மூட்டையாக் கிடைச்சுது. அப்பா யாருகிட்டயோ குடுத்து அறையை நீளமா வெட்டியிருக்காரு. அது உள்ள போகத்தான் மேகசின் சுவரையும் அராவியிருக்கு. துப்பாக்கி மேல அதை யாரும் பொறிக்கல."

ரூடி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். தன் தோட்டாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். "சரி. அப்போ முப்பது-ஆறு போட்டுச் சுடறேன். உன்கிட்டயே டப்பா டப்பாவா இருக்கே."

அவள் ஒரு கம்பியின் நுனியைக் கொக்கிபோல் வளைத்து, கூட்டின் வாய்க்குள் விட்டு, உட்சுவரோடு அடியிலிருந்து மேலே இழுத்தாள். அடிக்குச் சற்று மேலே கொக்கி ஒரு பள்ளத்தில் தட்டியது. இரண்டாவது கூட்டை எடுத்தாள். அதில் இன்னும் பலமாகத் தட்டியது.

"அறையை வெட்டினவரு கொஞ்சம் அதிகமா வெட்டிட்டாரு. ராணுவத் தோட்டாவும் இதுல இழுபடுது. இங்க பித்தளை மெலிஞ்சு போயிருக்கு, நீயே தட்டிப் பாரு."

ரூடி கம்பியை வாங்கி விட்டுப் பார்த்தான். தட்டியது அவன் முகத்திலேயே தெரிந்தது.

மூன்றாவது, இடுக்கி பிடித்ததுமே கையோடு வந்துவிட்டது. கூடு இல்லை. கட்டை விரல் நகத்தளவு அடிக்கட்டை மட்டும். மேல்விளிம்பு பல்பல்லாகக் கிழிந்து, புகையேறிக் கறுத்திருந்தது. மீதி அன்று துப்பாக்கிக்குள்ளேயே சிக்கியிருக்க வேண்டும்.

இத்தனை வருடமாக அந்த உத்தரத்தின் கீழே உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் எல்லாரும் அந்த வட்டத்தைப் பார்த்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் மற்றவற்றைப் போலத்தான் இருந்தது.

"அவன் வலது கண்ணுக்குக் கீழ நீலநீலமாப் புள்ளி இருக்குமே" என்றார் சூலோ, குரலை இறக்கி. "சுரங்கத்துல வெடி வெச்சப்போ தெறிச்சதுன்னுதான் சொல்லுவான்."

சுரங்கத்தில் தெறித்ததாகவும் இருக்கலாம். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லச் சைமாவுக்கு வராது.

"தெரிஞ்சேவா எனக்குக் குடுத்தாரு?" ரூடியின் குரல் சிறுபிள்ளையுடையது போல் இருந்தது.

"உனக்குன்னு சொன்னாரு. சுடுன்னு சொன்னாரா?"

அவன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்போ சீட்டுக் குலுக்கல்தான்" என்று சூலோ பெருமூச்சு விட்டார். "ஹெய்கி ஆகஸ்டுலேர்ந்தே அந்தப் பாறையில உட்கார்ந்து கனவு கண்டுக்கிட்டிருக்கான். டிராக்டர் டயர்ல கட்டி, கயிறு இழுத்துச் சுட்டா என்ன? வெடிச்சா டயர்தானே போகும். சட்டம் சுடணும்னுதான் சொல்லுது, தோள்ல வெச்சுன்னு சொல்லல."

சைமா அடிக்கட்டையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். கூடு கிழிந்தபோதும் போல்ட் தாங்கியிருக்கிறது. அப்பாவின் கண் பிழைத்திருக்கிறது. அப்படியானால் இரும்பில் குறையில்லை. எல்லார் துப்பாக்கிக்கும் அளவு பார்த்துத் தோட்டா செய்த வீட்டில், இந்த ஒன்றின் கூடு மட்டும் அவள் மேசைக்கு வந்ததே இல்லை. அளவு தவறிய அறைக்குப் பொது அளவுத் தோட்டாவைப் போட்டதுதான் தப்பு.

"துப்பாக்கி கெட்டுப்போகல. அதுக்குன்னு செஞ்ச தோட்டா அதுக்குக் கிடைக்கவே இல்ல" என்றாள். "ரூடி, அதை நாலு நாளைக்கு என்கிட்ட குடு."

இரண்டு கூடுகளையும் அதே துளைகளில் அதே வரிசையில் திரும்பச் செருகினாள். அடிக்கட்டையையும்.

கீழறையில் அவள் புது ராணுவக் கூடு ஒன்றின் கழுத்தைப் பெரிய அச்சில் விட்டுப் பருக்க வைத்தாள். பிறகு அறையில் முட்டுகிற இடத்தில் புதுத் தோள் விழும்படி, சிறிய அச்சில் மயிரிழை மயிரிழையாகக் குறுக்கிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு முறையும் ஊசி கழற்றிய போல்ட்டை மூடிப் பார்த்தாள். மூடவில்லை. இன்னும் கொஞ்சம். மூடவில்லை. ரூடி படிக்கட்டில் உட்கார்ந்து ஏலக்காய் ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்றுகொண்டு பார்த்தான். கடைசியில் போல்ட் கைக்கு லேசாக எதிர்ப்புக் காட்டி மூடியது. கரி பூசிப் போட்டு எடுத்தாள். தோளில் மெல்லிய பித்தளை வளையம் சுற்றிலும் சமமாகத் தெரிந்தது.

"இப்போ முட்டுதா?" என்றான்.

"நீயே பாரு."

வாங்கி விளக்குக்கு நேரே பிடித்து ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு அவளுக்கும் ஒரு துண்டு ரொட்டியை நீட்டினான். அவள் மருந்தைக் குறைவாகவே நிறுத்துப் போட்டாள்.

சீசனுக்கு முந்தின நாள் பனி கணுக்காலளவு கிடந்தது. மணல்மேட்டுக்கு எதிரே பழைய டிராக்டர் டயரில் துப்பாக்கியைக் கட்டினார்கள். விசையில் முடிந்த கயிறு விறகு அடுக்குக்குப் பின்னால் வரை வந்தது. ஹெய்கியும் மற்றவர்களும் விறகுக்குப் பின்னால் குந்தி, காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். ஹெய்கி மட்டும் பொத்தவில்லை. துப்பாக்கி சுடாமல் போய் இடம் குலுக்கலுக்கு வரும் என்ற நம்பிக்கை அவனுக்கு இன்னும் போகவில்லை.

ரூடி கயிற்றைக் கையில் எடுத்தான். சுற்றினான். அவிழ்த்தான். சைமாவிடம் நீட்டினான்.

"நீ இழு."

"உனக்குக் குடுத்த துப்பாக்கி."

"அப்பா எனக்குத் துப்பாக்கியைக் குடுத்தாரு. தோட்டா யாரு குடுத்தது?"

கயிறு அவள் கையுறைமேல் கிடந்தது. எல்லாரும் கேட்கும்படியாக இருந்தாலும் சொல்லிவிடத் தீர்மானித்தாள். "ரூடி, அந்த இடத்து மேல எனக்கு ஆசை இருந்துச்சு. இப்பவும் இருக்கு. அதுக்காகத்தான் ஆகாதுன்னு சொன்னேனான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

"ஆசை இல்லாதவ இவ்வளவு உத்துப் பார்த்திருக்க மாட்டா" என்றான் ரூடி. "சீக்கிரம் இழு. கால் விறைக்குது."

"அட, பொம்பளைக்கு இடமா?" என்றான் ஹெய்கி. "சட்டத்துல உண்டா அது?"

"சட்டத்துல ஆம்பளைன்னு எங்கடா இருக்கு?" என்றார் சூலோ. "எழுதினாத்தானே இருக்கும்! காதைப் பொத்து."

சைமா இழுத்தாள். டயர் துள்ளி ஓர் அடி பின்னால் வந்தது. மணல்மேட்டிலிருந்து பனி பொலபொலவென்று சரிந்தது.

யாரையும் கிட்டே வரவிடாமல் அவளே போய் போல்ட்டைத் திறந்தாள். கூடு முழுசாக வந்தது. கொக்கிக் கம்பியை உள்ளே விட்டு அடியிலிருந்து வாய்வரை இழுத்தாள். இன்னொரு பக்கமும் இழுத்தாள். கண்ணாடிக் குழாய்க்குள் போவதுபோல் கம்பி தட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்தது.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

"அப்போ அடுத்தது நான் தோள்ல வெச்சு?" என்றான் ரூடி.

"இன்னும் கொஞ்சம் டயரே சுடட்டும். அடுத்த வருஷம் பார்க்கலாம்."

அதற்குள் முகாமில் வேறு சண்டை மூண்டுவிட்டது. கல்லைக் காய்ச்சி ஆவி பிடிக்கும் குளியல் குடிசையான சௌனாவில் சூடு ஏறித் தயாராக இருந்தது. முதல் ஆவி யாருக்கு என்பது பல வருடமாக முடிவான விஷயம், சூலோவுக்கு. இப்போது பெண் ஒருத்தி தங்கப் போகிறாள், அவளோடு யாரும் சேர்ந்து போக முடியாது, அவளைக் கடைசியில் ஆறிப்போன கல்லுக்கு அனுப்புவதும் முறையில்லை. கூடிப் பேசி, முணுமுணுத்து, முதல் ஆவியை அவளுக்கே விட்டார்கள்.

உள்ளே மேல்பலகையில் சைமா உட்கார்ந்திருந்தாள். கதவுக்கு வெளியே துண்டு கட்டிக்கொண்டு சூலோ பனியில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருப்பது கேட்டது.

"பொண்ணே! ஆச்சா? இங்க கிழவன் ஒருத்தன் உறைஞ்சிக்கிட்டிருக்கான்!"

அவள் அகப்பையில் தண்ணீர் மொண்டு, கல்மேல் இன்னொரு முறை ஊற்றினாள்.